வாயில்லாத நோயாளிக்கு நாம்தான் வாய்

தோட்டத்தில் நாய் இல்லாத லயம் உண்டா? இருள் பிரியுமுன் பெரட்டுக்குப் போகிறவர்களின் காலடியிலேயே ஓடி, வெட்டு முடியும்வரை மரத்தடியில் படுத்திருந்து, பால் வாளியோடு திரும்பும்போது முன்னால் வாலாட்டிக்கொண்டு வருகிற நாய்களை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்! கித்தா போய்ப் பெரும்பாலான இடங்களில் செம்பனை வந்துவிட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிபட்டு, நம்மவர்களில் பலர் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கும் போய்விட்டார்கள். எங்கே போனாலும் வீட்டுக்கு ஒரு நாயோ பூனையோ கூடவே வந்துவிடுகிறது.

அது சரி, அந்த ஜீவனுக்கு உடம்புக்கு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? முதல் நாள், "தானா சரியாப் போயிடும்" என்கிறோம். இரண்டாம் நாள் வேப்பிலையும் மஞ்சளும். மூன்றாம் நாள் வீட்டில் கிடக்கிற பனடோல் மாத்திரையில் ஒன்று. நான்காம் நாள் லயத்துக்குப் பின்னால் மண்வெட்டியோடு போகிறோம். "நாயைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறதா? நமக்கே டிரஸ்ஸர் குடுக்கிற மாத்திரைதானே" என்று கேட்பவர்களும் உண்டு. நாம் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. நாள் சம்பளக்காரனுக்கு ஒரு நாள் வேலை போனால் அது எத்தனை வெள்ளி என்பது நமக்குத் தெரியும். ஆனால் நாயின் நோய் நாயோடு நின்றுவிடுவதில்லை. அதோடு படுத்து விளையாடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே பட்டணத்து மிருக வைத்தியசாலை ஒன்றில் ஒரு நாள் காலை முழுவதும் உட்கார்ந்து, பேசத் தெரியாத நோயாளியின் நோயை டாக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று பார்த்து வந்தோம். அங்கே இருந்தவர் ஒரு டாக்டரம்மா. நம் இனத்துப் பெண்தான்.

கேள்வி முதலில், ஊசி பிறகு

நாம் நினைத்தது, நாயை மேசையில் ஏற்றியதும் ஊசி போடுவார் என்று. அப்படி நடக்கவில்லை. முதலில் நாயைத் தரையில் விட்டு நடக்கச் சொன்னார். நாய் மூச்சு விடுவதை, தலையைத் தூக்கி வைத்திருக்கிற விதத்தை, எந்தக் காலில் பாரத்தைப் போடாமல் நிற்கிறது என்பதை எல்லாம் கை வைக்காமலே பார்த்தார். பயந்த நாய் மேசையில் ஏறியதும் நொண்டுவதைக்கூட மறைத்துவிடுமாம். பிறகு கேள்விகள் ஆரம்பமாயின.

"எப்ப இருந்து சாப்பிடல?"

"ரெண்டு மூணு நாளா இருக்கும் டாக்டர்."

"ரெண்டா, மூணா?"

கணவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா சொன்னார்: "சனிக்கிழமை சம்பளம் போட்டாங்க. அன்னிக்கு ராத்திரி கோழி எலும்பு தின்னுச்சு டாக்டரம்மா. ஞாயித்துக்கிழமை காலைல தட்டைத் திரும்பியே பாக்கல. அதுல இருந்து மஞ்சளா வாந்தி, நாலு தடவை. வெளிக்குப் போகல."

டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். கோழி எலும்பு, அன்றிரவே தொடங்கிய நோய், வாந்தி, வெளிக்குப் போகாமை. இந்த நாலும் சேர்ந்தால் குடலில் அடைப்பாக இருக்குமோ என்று பார்க்கவேண்டும். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு வெள்ளையாகத் தெரியும். அந்த அம்மாவின் பதில் மட்டும் இல்லையென்றால் எங்கிருந்து தேட ஆரம்பிப்பது? மனிதன், "இங்கதான் வலிக்குது" என்று கையை வைத்துக் காட்டுகிறான். மிருகத்துக்கு அந்தக் கை நாம்தான்.

பதில் தெரிந்துகொண்டு போகவேண்டிய கேள்விகளை இங்கே சொல்லி வைக்கிறோம். வயது என்ன, தடுப்பூசி போட்டதுண்டா, என்ன சாப்பிட்டது, வாந்தி சாப்பிட்டவுடனா அல்லது மணிக்கணக்கு கழித்தா, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது, தண்ணீர் வழக்கத்தைவிட அதிகம் குடிக்கிறதா, வீட்டில் வேறு மிருகத்துக்கும் இப்படி இருக்கிறதா, தோட்டத்தில் மருந்து அடித்தார்களா, எலி மருந்து வைத்தார்களா. பொட்டை நாயாக இருந்தால் கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தது என்பதும் வேண்டும். பருவம் முடிந்து சில வாரங்களில் தண்ணீரை மொண்டு மொண்டு குடித்து, சாப்பாட்டை வெறுத்து, வயிறு பெருத்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அது ஆபரேஷன் இல்லாமல் தீர்கிற காரியம் அன்று.

பேச்சு முடிந்த பிறகுதான் கை. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். ஈறு நம் நகக்கண் மாதிரி இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்கவேண்டும். வெளுத்தே கிடந்தால் ரத்தம் குறைவு, மஞ்சளானால் ஈரலில் கோளாறு அல்லது ரத்தம் உடைகிறது, நீலம் பாய்ந்தால் மூச்சுக்கு ஆபத்து. கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டார்; உடனே படிந்தால் நல்லது, கூடாரம் போல் நின்றால் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது. (கிழ நாய்க்கும் ஒட்டி உலர்ந்த நாய்க்கும் தோல் எப்போதுமே கொஞ்சம் நிற்கும் என்பதையும் சொன்னார்.) தாடைக்குக் கீழும் முழங்காலுக்குப் பின்னும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவினார். கடைசியாகத்தான் ஆசன வாயில் காய்ச்சல் குழாய்.

இந்தக் காய்ச்சல் விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு தவறான நம்பிக்கை உண்டு. மூக்கு ஈரமாக இருந்தால் சுகம், காய்ந்திருந்தால் காய்ச்சல் என்பார்கள். நன்றாகத் தூங்கி எழுந்த நாய்க்கும் மூக்கு காய்ந்துதான் இருக்கும். தொட்டுப் பார்ப்பதும் பயன்படாது. மனிதனுக்கு 37 டிகிரி என்றால் நாய்க்கும் பூனைக்கும் 38 முதல் 39 வரை, ஏன் 39.2 வரைகூட இயற்கைச் சூடு. சுகமான நாயே நம் கைக்குச் சுடத்தான் செய்யும்.

ஒரு சொட்டு ரத்தம்

அன்று வந்தவற்றில் ஒரு செவலை நாய் நம் மனத்தை விட்டுப் போகவில்லை. செம்பனைத் தோட்டத்து நாய். மூன்று நாளாகச் சோர்வு, மூக்கில் ரத்தம் கசிவு. காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி, கொத்துக் கொத்தாக.

மூக்கில் ரத்தம் என்றதும் நாம் யாரோ கல்லால் அடித்துவிட்டார்கள் என்போம். டாக்டருக்கு இரண்டு சந்தேகம். ஒன்று உண்ணிக் காய்ச்சல், மற்றது எலி மருந்து. இரண்டிலும் ஈறு வெளுக்கும், இரண்டிலும் ரத்தம் கசியும். வைத்தியமோ முற்றிலும் வேறு. ஒன்றுக்கு உரிய மருந்தைக் கொடுத்தால் மற்றது தீராது. ஆகவே ஊகித்துக்கொண்டு ஊசி போட முடியாது.

காலில் இருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்தார். ஒரு பங்கை மெல்லிய கண்ணாடிக் குழாயில் விட்டு வேகமாகச் சுழலும் யந்திரத்தில் வைத்தார். சுற்றி முடிந்ததும் சிவப்பு அணுக்கள் கீழே அடைந்து, மேலே தெளிந்த நீர் நிற்கிறது. நல்ல நாய்க்குச் சிவப்பு 37 முதல் 55 விழுக்காடு வரை இருக்கவேண்டும். செவலைக்கு 18. மேலே நிற்கிற நீர் மஞ்சளாக இருந்தால் அதுவும் ஒரு துப்பு. இன்னொரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாகத் தேய்த்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தார். நம்மையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். வட்ட வட்டமான சிவப்பு அணுக்களுக்கு உள்ளே, சில இடங்களில், பேரிக்காய் வடிவத்தில் ஊதாப் பொட்டுகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டிருந்தன. உண்ணி கடித்து உள்ளே விட்ட கிருமி அதுதான். அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வந்து அடுத்த அணுவுக்குள் நுழைகிறது. நாய் வெளுத்துப் போனதற்குக் காரணம் நம் கண் முன்னாலேயே இருந்தது.

உண்ணி கொண்டுவருகிற கிருமி இது ஒன்று மட்டும் அன்று. வெள்ளை அணுக்களில் ஒளிந்துகொள்கிற வேறொன்றும் உண்டு. ரத்தத்தை உறைய வைக்கிற சின்னஞ்சிறு தட்டணுக்கள் அதனால் குறைந்துபோகும். மூக்கில் ரத்தம் வரும். தோலில் சிவப்புப் புள்ளி போடும். அது மைக்ராஸ்கோப்பில் சுலபமாக அகப்படாது. அதற்குத் தனிச் சோதனை அட்டை இருக்கிறது. மாத்திரை நாலு வாரம். பத்து நாளில் நாய் துள்ளிக் குதிக்க ஆரம்பித்துவிடும், நாம் மாத்திரையை நிறுத்திவிடுவோம். அங்கேதான் கோளாறு. கிருமி உள்ளே பதுங்கி, மாதங்கள் கழித்து எலும்பு மூளையையே வற்ற அடித்துவிடும்.

இன்னொன்று. உண்ணி நாயின் மேல் முட்டை இடுவதில்லை. ரத்தம் குடித்துக் கொழுத்ததும் கீழே விழுந்து, பலகைச் சுவரின் சந்திலும் படிக்கட்டின் வெடிப்பிலும் ஆயிரக்கணக்கில் முட்டை இடுகிறது. நாயை மட்டும் கழுவிவிட்டுச் சுவரை விட்டுவைத்தால் பாதி வேலைதான் ஆகும். சொறி நாய்க்கும் உண்ணிக்கும் லோரியில் வடித்த கறுப்பு எண்ணெயையும் மண்ணெண்ணெயையும் பூசுகிற வழக்கத்தைக் கேட்டதும் டாக்டரம்மா முகம் சுளித்தார். நாய் அதை நக்கும். தோலும் அதை இழுக்கும். சொறிக்குக் காரணம் எந்தப் பூச்சி என்பதைத் தோலைச் சுரண்டி எடுத்துப் பார்த்துவிட்டால் மருந்து தெரிந்துவிடும்.

எலிக்கு வைத்தது

செம்பனைத் தோட்டங்களில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். எலி குலையைக் கடித்து நாசம் செய்கிறது என்று மரத்துக்கு ஒரு கட்டி வைத்துக்கொண்டு போகிற வேலையை நம்மவர்கள்தான் செய்கிறார்கள். அந்த மெழுகுக் கட்டியில் உள்ள விஷம் ஈரலுக்குள் போய் 'கே' வைட்டமினின் வேலையைத் தடுத்துவிடுகிறது. அந்த வைட்டமின் இல்லாமல் ரத்தம் உறையாது. ஆனால் உடம்பில் ஏற்கெனவே இருக்கிற சரக்கு தீருகிற வரைக்கும் ஒன்றும் தெரியாது. திங்கட்கிழமை கட்டியைத் தின்ற நாய் செவ்வாய், புதன் எல்லாம் விளையாடும். வியாழன், வெள்ளியில் திடீரென்று இருமும், ரத்தம் கக்கும், மலம் கறுப்பாகும், கால் வீங்கி நொண்டும், படுத்துவிடும். நடுவில் இத்தனை நாள் ஆகிவிடுவதால் யாருக்கும் எலி மருந்து ஞாபகம் வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் விஷம் வைத்துவிட்டான் என்று சண்டை மூள்கிறது.

கட்டியைத் தின்றதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அந்த நிமிஷமே புறப்படவேண்டும். ஓரிரு மணி நேரத்துக்குள் போனால் டாக்டர் வாந்தி எடுக்க வைத்துவிடுவார். வீட்டிலேயே உப்புத் தண்ணீரும் சவுக்காரத் தண்ணீரும் ஊற்றவேண்டாம். அது புரையேறி நுரையீரலுக்குள் போனால் அதுவே ஆளை முடித்துவிடும். நாள் கடந்து போனவருக்கும் வழி இருக்கிறது. ரத்தத்தைக் குழாயில் எடுத்து உறைகிறதா என்று நேரம் பார்ப்பார்கள். எலி மருந்துதான் என்று தெரிந்தால் 'கே' வைட்டமின் மருந்து வாரக்கணக்கில் கொடுக்கவேண்டும். இதில் பெரிய உதவி, அந்தக் கட்டியின் உறை. எந்த மருந்து என்று தெரிந்தால் எத்தனை வாரம் என்பதும் தெரியும். மண்டோரிடம் கேட்டு உறையை வாங்கிக்கொண்டு போங்கள்; கேட்பதற்கு வெட்கப்படவேண்டாம். மருந்து தின்ற எலியைத் தின்கிற பூனைக்கும், எலி பிடிக்கவென்று தோட்டத்திலேயே பெட்டி கட்டி வளர்க்கிற ஆந்தைக்கும்கூட இதே கதிதான் நேர்கிறது.

புல்லுக்கு அடித்த பாராகுவாட் விஷயம் வேறு. அதை 2020 ஜனவரி முதல் தேதியில் இருந்து நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். ஆனாலும் பழைய டின்னில் மிச்சம் வைத்திருப்பவர்கள் உண்டு. நாய் அதை நக்கினால் மாற்று மருந்து கிடையாது. பிள்ளை நக்கினாலும் அப்படியே.

குட்டியும் கடுவனும்

ரத்தமாக வெளிக்குப் போகிற குட்டி நாய் ஒன்று துண்டில் சுற்றி வந்தது. "பார்வோதான், பொழைக்காது, காசை வீணாக்காதே" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். பார்வோ 1978-இல் உலகம் முழுவதும் பரவிய வைரஸ் நோய். குட்டிகளைக் கொத்துக் கொத்தாக வாரிக்கொண்டு போகும். பஞ்சு குச்சியில் மலத்தை எடுத்து, ஒரு சிறு அட்டையில் விட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்தார்கள். கோடு விழவில்லை. அடுத்து மலத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், கொக்கிப் புழுவின் முட்டை நிறைய! தாய்ப்பாலிலேயே குட்டிக்குப் போய்ச் சேர்கிற புழு. குடலைக் கவ்விக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சுகிறது. புழு மருந்தும் ரத்தம் ஊற மருந்தும் கொடுத்து அனுப்பினார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் வெறுங்காலோடு மண்ணில் விளையாடுகிறார்களா என்றும் டாக்டர் கேட்டார். அதே புழு மனிதத் தோலுக்குள் நுழைந்து கோடு கோடாக ஊர்ந்து அரிப்பெடுக்க வைக்கும்.

நிஜமாகவே பார்வோவாக இருந்தாலும் கைவிட வேண்டியதில்லை. வைரஸைக் கொல்ல மருந்து இல்லை. ஆனால் சேலைன் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, நாலைந்து நாள் தாக்குப் பிடிக்க வைத்தால் பல குட்டிகள் எழுந்து உட்கார்ந்துவிடுகின்றன. அந்த வைரஸ் மண்ணில் ஓராண்டுகூடக் கிடக்கும் என்பதால், செத்த குட்டிக்குப் பதிலாக அடுத்த மாதமே இன்னொன்றைக் கொண்டுவந்து அதே இடத்தில் கட்டுவது கூடாது. சிமெண்டுத் தரையாக இருந்தால் முப்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு குளோரோக்ஸ் ஊற்றிக் கழுவலாம். தடுப்பூசியை ஆறு, எட்டு வாரத்தில் ஆரம்பித்துப் பதினாறு வாரம் ஆகிறவரை விட்டு விட்டுப் போடவேண்டும். ஒன்று போட்டாயிற்றே என்று நிறுத்தக்கூடாது.

பத்து மணி இருக்கும். ஒரு கிழவி, பால்வெட்டில் இருந்து ஓய்வு பெற்றவர், துணிக்கூடையில் ஒரு கடுவன் பூனையோடு வந்தார். பக்கத்து வீட்டுப் பையன் மோட்டாரில் ஏற்றிவந்தானாம். பிள்ளைகள் எல்லாம் பட்டணத்தில். லயத்தில் கிழவியும் பூனையும்தான்.

"மூணு நாளா வெளிக்குப் போகல டாக்டரம்மா. முக்கி முக்கிப் பாக்குது, உள்ள வருது, வெளிய போகுது. நேத்து வெளக்கெண்ணெய் குடுத்தேன். ராத்திரில இருந்து கக்குது."

டாக்டர் வயிற்றில் கை வைத்த மாத்திரத்தில் முகம் மாறிவிட்டது. உள்ளே ஒரு கமலாப்பழம் அளவுக்கு, கல்லாக இறுகிய உருண்டை. "வெளிக்கு இல்லம்மா. மூத்திரம் அடைச்சுக்கிட்டிருக்கு."

கடுவன் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் முனையில் மிகவும் ஒடுக்கம். மணல் மாதிரிப் படிகமும் சளியும் சேர்ந்து அடைத்துவிட்டால் ஒரு சொட்டும் இறங்காது. பூனை முக்குவதைப் பார்க்கிறவர்களுக்கு அது மலச்சிக்கலாகவே தோன்றும். உள்ளே கழிவு திரும்ப ரத்தத்தில் ஏறுகிறது; பொட்டாசியம் என்ற உப்பு மிகுந்து நெஞ்சை மந்தப்படுத்துகிறது. பூனையின் நெஞ்சு நிமிஷத்துக்கு 140-க்குக் குறையாமல் அடிக்கவேண்டும். இதற்கு 90-கூட இல்லை. உடனே மருந்து ஏற்றி, மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பை எடுத்தார்கள். சிவப்பாகச் சிறுநீர் கொட்டியது. கிழவி சாமியைக் கூப்பிட்டுக் கும்பிட்டார். ஆனால் நெஞ்சு திரும்பவில்லை. பதினொன்றரைக்குப் பூனை போய்விட்டது.

"மொத நாளே கொண்டாந்திருந்தா?" என்று கேட்டார் கிழவி.

டாக்டரம்மா மழுப்பவில்லை. "மொத நாளா இருந்தா அநேகமாப் பொழச்சிருக்கும்மா."

கிழவி கூடையில் கிடந்த கைலியால் பூனையை மூடி, பையன் வருகிறவரை வாசலில் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா அடுத்த நாயைக் கூப்பிட்டார். நமக்கு அந்தக் காலையில் அதற்குமேல் எழுத ஓடவில்லை. கடுவன் பூனை வைத்திருப்பவர்களே, அது முக்கி, ஒன்றும் இறங்காமல் திரும்பத் திரும்பப் போவதைப் பார்த்தால் விடியட்டும் என்று இருக்கவேண்டாம். அது அன்றைக்கே போகவேண்டிய நோய்.

பூனை விஷயத்தில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். பனடோல் பூனைக்கு விஷம். நம் ஈரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்தச் சக்தி இல்லை. ஒரே ஒரு மாத்திரை போதும். ஈறு சாக்லெட் நிறமாகும், முகம் வீங்கும், மூச்சுத் திணறும். மாற்று மருந்து இருக்கிறது, சீக்கிரம் போனால். கொடுத்துவிட்டீர்களென்றால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். திட்டுவாரோ என்று பயந்து மறைப்பதால்தான் பல உயிர் போகிறது.

நம்மிடம் தாவுகிற நோய்கள்

வெறிநாய்க் கடியை மறுபடியும் மறுபடியும் எழுதவேண்டியிருக்கிறது. நம் தீபகற்பத்தில் அது ஒழிந்தது என்றிருந்தோம். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் தலைகாட்டியது. 2017-இல் சரவாக்கில் புகுந்து, அடுத்தடுத்த ஆண்டுகளிலும் உயிர்களைக் கொண்டுபோனது. இந்த ஒரு நோயை உயிரோடு இருக்கிற நாயிடம் எந்த டாக்டராலும் சோதனை செய்து உறுதியாகச் சொல்ல முடியாது. செத்த பிறகு மூளையை எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். தாடை நடுங்கி நுரை தள்ளி இழுக்கிற நாயெல்லாம் வெறிநாயும் அன்று. டிஸ்டெம்பர் என்கிற குட்டிகளின் நோயிலும் அப்படித்தான் தாடை அடிக்கும். அதில் அநேகமாக முன்கூட்டியே கண்ணிலும் மூக்கிலும் பீளை, இருமல், பாதம் தடித்துப் போதல் இருக்கும். இந்த வித்தியாசத்தை நாம் நின்று ஆராயவேண்டாம். நடத்தை மாறிய நாயைத் தூக்கிக்கொண்டு வரவும் வேண்டாம். கால்நடை இலாகாவுக்கோ நகராண்மைக் கழகத்துக்கோ சொல்லுங்கள்.

கடிபட்டவர், ஓடுகிற தண்ணீரில் சவுக்காரம் போட்டுப் பதினைந்து நிமிஷம் காயத்தைக் கழுவவேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பதினைந்து நிமிஷம் நாம் நினைப்பதைவிட அதிக நேரம். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பவேண்டாம். அப்படியே மனித ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கடித்த நாயை அடித்துக் கொல்லாமல் கட்டி வைத்துப் பத்து நாள் கவனிக்கச் சொல்வதற்குக் காரணம், எச்சிலில் அந்தக் கிருமி இருந்தால் பத்து நாளுக்குள் நாய்க்கு நோய் வெளிப்பட்டுவிடும். ஆனால் கடிபட்டவரின் ஊசி அந்தப் பத்து நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. நோய் வெளிப்பட்ட பிறகு மனிதனைக் காப்பாற்ற மருந்து இல்லை.

எலிச் சிறுநீர் நோயை மலாய்க்காரர்கள் 'கென்சிங் திக்குஸ்' என்பார்கள். வெள்ளம் வடிந்த பிறகு தேங்கிய நீரில் விளையாடிய நாய்க்கு வாந்தியும் மஞ்சளும் கண்டால் அதை நினைக்கவேண்டும். நாயின் சிறுநீரைக் கழுவித் தள்ளுகிறவர் காலில் வெட்டுக் காயம் இருந்தால் அந்த வழியாகவே ஏறிவிடும். 2010 முதல் மனிதரிடம் கண்டால் சுகாதார இலாகாவுக்கு அறிவித்தே ஆகவேண்டிய நோய் அது. பூனையின் மூக்கிலும் முகத்திலும் ஆறாத புண் இருந்தால், "சண்டை போட்ட காயம்" என்று விட்டுவிடவேண்டாம். நம் நாட்டுப் பூனைகளில் காணப்படுகிற ஒருவகைப் பூஞ்சைப் புண் அது. அந்தப் பூனை பிறாண்டினால் மனிதருக்குக் கையில் கட்டி கிளம்பி, வரிசையாக மேலே ஏறும். டாக்டர் ஒரு கண்ணாடித் தகட்டைப் புண்ணில் ஒற்றி எடுத்துச் சாயமிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது. மாதக்கணக்கில் மருந்து கொடுக்கவேண்டும், அலுக்காமல்.

நோயைச் சரியாகக் கண்டுபிடிப்பது இத்தனை முக்கியமா என்று கேட்பவர்களுக்கு, நம் நாடு 1998-99-இல் பட்டதை ஞாபகப்படுத்துகிறோம். பேராக்கில் பன்றிப் பண்ணை ஆட்களுக்கு மூளைக் காய்ச்சல் வந்தபோது, அது கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே முதலில் எண்ணினார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை, நெகிரி செம்பிலானுக்கும் போயிற்று. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் தனியே பிரித்தெடுத்துப் பார்த்தபோதுதான் புது வைரஸ் என்று தெரிந்தது. சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர் அதற்கு வந்தது. 105 பேர் இறந்தார்கள். அந்தப் பண்ணைகளைச் சுற்றித் திரிந்த நாய்களிடமும் அந்த வைரஸைக் கண்டார்கள்.

போகும்போது

இனி, காசு. அரசாங்கக் கால்நடை இலாகாவின் வைத்தியசாலைகளில் தனியார் இடங்களைவிடக் கட்டணம் குறைவு. ஆனால் எக்ஸ்ரேவோ எல்லாச் சோதனையுமோ எங்கும் இருக்காது. எங்கே போனாலும் சோதனைக்கு முன்னாலேயே, "டாக்டர், எங்கிட்ட இவ்வளவுதான் இருக்கு. எதை முதல்ல பாக்கணும்?" என்று கேட்டுவிடலாம். நாம் பார்த்த டாக்டரம்மாவிடம் அன்று இரண்டு பேர் அப்படிக் கேட்டார்கள். ஒருவருக்கு எக்ஸ்ரேவை விட்டுவிட்டு ரத்தச் சோதனையை மட்டும் செய்தார். மற்றவருக்குச் சோதனையே வேண்டாம், மூன்று நாள் இந்த மருந்து, தேறாவிட்டால் திரும்பி வாருங்கள் என்று அனுப்பினார். இதில் தாழ்வு ஒன்றும் இல்லை. காசு செலவாகும் என்று மோட்டாரில் வந்து ஊசி போடுகிற ஆட்களிடம் போகாதீர்கள். 1974-ஆம் ஆண்டு மிருக வைத்தியர் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் மிருகங்களுக்கு வைத்தியம் செய்யலாம். நோயுற்ற பிராணிக்கு வைத்தியம் பார்ப்பது வளர்ப்பவரின் கடமை என்று 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் சொல்கிறது.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: அன்று காலை போன மலம், ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் கட்டி; கக்கியதில் புழுவோ துணியோ இருந்தால் அதுவும்; கொடுத்த மருந்தின் உறை; தடுப்பூசி அட்டை. கையில் போன் இருப்பவர்கள் நாய் இழுக்கும்போதோ நொண்டும்போதோ ஒரு படம் பிடித்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் பல நாய்களுக்கு அந்த இழுப்பு நின்றுவிடுகிறது. வலியில் இருக்கிற நாய் சொந்தக்காரரையே கடிக்கும் என்பதால் வாயைச் சுற்றி ஒரு துணி நாடாவால் கட்டி, முடிச்சைக் காதுக்குப் பின்னால் போடவேண்டும். மூச்சுத் திணறுகிற நாய்க்கும் வாந்தி எடுக்கிற நாய்க்கும் அப்படிக் கட்டக்கூடாது. பூனையைக் கையில் பிடித்துக்கொண்டு மோட்டாரில் போகிறவர்கள் சாலையில் விட்டுவிட்டுத் தேடுகிறார்கள். கூண்டு வாங்க வேண்டாம். துணி வெளுக்கிற பிளாஸ்டிக் கூடைகள் இரண்டை வாய்க்கு வாய் கவிழ்த்து, நாலு பக்கமும் கயிற்றால் கட்டி, உள்ளே வீட்டுத் துணி ஒன்றைப் போட்டு வைத்தால் போதும்; பூனை அதன் வாசனையில் அடங்கிப் படுத்துக்கொள்ளும்.